வீட்டுப் பெரட்டு

சின்னவன் என்னைவிட நாற்பது நாள் இளையவன். அந்த நாற்பது நாளைத் தவிர வேறு எதிலும் நான் அவனுக்கு முன்னால் இருந்ததாக நினைவில்லை. என் அம்மாவும் அவன் அம்மாவும் உடன்பிறந்தவர்கள். இரண்டு வீட்டிலும் எங்களைப் பெரியவன், சின்னவன் என்றே கூப்பிட்டார்கள். குளுவாங்கில் இருந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே வகுப்பில் படித்தோம். எங்கள் ஊரான லாயாங் லாயாங்கிலிருந்து காலை ரயிலில் போய், பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பி வந்து இறங்குவோம். எங்களுக்கு அப்போது பதினான்கு வயது. ஜப்பான்காரன் படையெடுத்து வருவதற்குச் சில வருஷங்களுக்கு முந்திய காலம்.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. தோட்டத்து ஆபீஸில் துரைக்கு அடுத்தபடி அவர்தான் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். துரைக்கு அந்த விஷயம் தெரிந்திருந்ததா என்று சொல்ல முடியாது. சின்னவனின் அப்பா, அதாவது என் சித்தப்பா, ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன். ரயில் எந்தப் பாதையில் போகவேண்டுமோ அதற்கேற்பத் தண்டவாளத்தை மாற்றிவிட்டு, கொடி காட்டி அனுப்புகிற வேலை. அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுதவும் பேசவும் வரும். சித்தப்பா தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அப்படியிருக்க, வகுப்பில் சின்னவன் முதலாவதாகவும் நான் பதினாலாவதாகவும் இருந்தது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு விளங்கவே இல்லை.

அப்பா எங்களைப் படிக்க வைத்த முறையைச் சொல்லவேண்டும். தோட்டத்தில் விடியும் முன்பே ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். காலையில் தோட்டத்துக்குப் பெரட்டு எடுத்துவிட்டு வரும் அப்பா, மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு வராந்தாவில் இன்னொரு பெரட்டு எடுத்தார். நான், தங்கை, தம்பி மூவரும் உயரப்படி நிற்கவேண்டும். அப்பாவுக்குக் காதில் பென்சில், கையில் நீளமான ஒரு நோட்டு. தினமும் எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அவர் பெற்ற மூன்று பேரும் அவர் மூக்குக்கு நேரேதான் நிற்கிறோம் என்றாலும், "இருக்கேங்க" என்று பதில் சொல்லியே ஆகவேண்டும். பிறகு கேள்விகள். இந்த நாட்டின் தலைநகரம் எது, அந்த வார்த்தைக்கு எழுத்து என்ன, பதினேழாம் வாய்ப்பாட்டில் எட்டாவது வரி என்ன. கேட்ட கேள்விக்குக் கேட்ட மாத்திரத்தில் பதில் வரவேண்டும். நாங்கள் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது.

பதில் தவறினால் அரைப்பேர். தோட்டத்தில் கொடுத்த மரங்களைப் பாலுக்குச் சீவி முடிக்காதவனுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான் விழும். பாதி நாள் வேலை செய்ததாகத்தான் எழுதுவார்கள். எங்கள் வீட்டில் அரைப்பேர் வாங்கியவனுக்கு இரவுச் சாப்பாடு பாதி. சோறும் ரசமும் மட்டும், பொரித்த மீன் கிடையாது. சில நாள் அம்மா சோற்றுக்கு அடியில் ஒரு துண்டு மீனை ஒளித்து வைப்பார். முள் இருப்பதை மறந்து நான் அவசரமாக விழுங்கித் தொண்டையில் சிக்கிக்கொண்ட நாளோடு அந்தச் சலுகையும் போயிற்று. அப்பா எங்களைக் கைநீட்டி அடித்ததில்லை. அதை அவரே அடிக்கடி பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

சித்தப்பா வீடு ஸ்டேஷனை ஒட்டிய ரயில்வே குவார்ட்டர்ஸ். தோட்டம் அங்கிருந்து இரண்டு மைல். மூன்று மணிக்கு ரயிலைவிட்டு இறங்கியதும் சித்தப்பா வீட்டில் ஒரு கிளாஸ் கோப்பி குடித்துவிட்டுத்தான் நடப்பேன். அந்தக் கோப்பி குடிக்கிற நேரத்தில்தான் என் வயிறு எரியத் தொடங்கும். கோப்பி சூடு காரணமில்லை.

எங்கள் ரயிலை அனுப்பிவிட்டு, கொடிகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சித்தப்பா வருவார். வாசல் படியில் உட்கார்ந்து, "சின்னவனே, இன்னிக்கு என்னா சொல்லிக் குடுத்தாங்க? எனக்குச் சொல்லு" என்பார். சோதிக்கிறவர் கேட்கிற மாதிரி இருக்காது. வெளியூர்ச் செய்தி கேட்கிற மாதிரி இருக்கும். சின்னவன் தமிழில் சொல்வான். சித்தப்பா வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கமாட்டார்.

ஒருநாள் சின்னவன், இணைகோடுகள் எவ்வளவு தூரம் நீட்டினாலும் ஒன்றையொன்று தொடாது, தண்டவாளம் மாதிரி, என்று சொன்னான். சித்தப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தொடாதா? அப்ப நான் எதுக்குடா பதினஞ்சு வருஷமா பாயிண்டு மாத்திக்கிட்டுக் கெடக்கறேன்? போய் ஒன் வாத்தியார இங்க கூட்டியா லா" என்றார், மலாய்ப் பேச்சு ஒட்டிக்கொண்ட நாக்கோடு. சின்னவன் அரைமணி நேரம் மண்ணில் கோடு போட்டுக் காட்டினான். இன்னொரு நாள், ஆப்பிரிக்காவில் ஓர் ஆறு தெற்கேயிருந்து வடக்கே ஓடுகிறது என்றான். சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தில் வடக்கு மேலே அல்லவா இருக்கிறது, தண்ணீர் எப்படி மேட்டில் ஏறும் என்று சித்தப்பா மடக்கினார். சின்னவனுக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் வகுப்பில் அதையே எழுந்து கேட்டான். வாத்தியார் மகிழ்ந்துபோய் அவனைக் கரும்பலகைக்கு அழைத்து பாடவேளையில் பாதியும் அவனோடேயே பேசிக்கொண்டிருந்தார். கேள்வி ஒரு பாயிண்ட்ஸ்மேனுடையது என்று கையைத் தூக்கிச் சொல்லவேண்டும் போல எனக்கு இருந்தது.

எனக்கு அவன் மார்க்கின் மேல் பொறாமை. அவன் கையெழுத்தின் மேல் பொறாமை. பதில் தெரியாதபோது "தெரியலப்பா" என்று சொல்லிவிட்டு அவன் சிரித்ததுதான் எல்லாவற்றையும்விட என்னை வதைத்தது. எங்கள் வராந்தாவில் யாராவது தெரியவில்லை என்று சொல்லிவிட்டுச் சிரித்திருந்தால் முழுப்பேரே போயிருக்கும்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்து ரிப்போர்ட் புத்தகம் வந்த அன்று சித்தப்பா எங்கள் இருவரையும் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த சீனன் கோப்பிக்கடைக்குக் கூட்டிப்போனார். ஆளுக்கு இரண்டு துண்டு ரொட்டி, மேலே தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் கிண்டிய காயா தடவி. என் ரிப்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தார். அவரால் படிக்க முடிந்தது எண்கள் மட்டும்தான். "பதினாலா? முப்பத்தஞ்சு பேரு இருக்கற எடத்துல பதினாலு நல்லதுதானே. சாப்பிடு லா" என்றார். அதை அவர் மனதாரத்தான் சொன்னார். நான் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போனால் அப்பா அந்தப் பதினாலை எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். "ஒரு பாயிண்ட்ஸ்மேன் மகன்" என்று தொடங்குவார்.

சின்னவன் கை கழுவப் பின்பக்கம் போனான். அப்போது சித்தப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருஷக் கடைசியில் எங்கள் வகுப்பில் முதலாவதாக வருகிறவனுக்கு அடுத்த இரண்டு வருஷம் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டவேண்டாத படிப்பு. என் அப்பாவுக்கு அது ஒரு கௌரவம், அவ்வளவுதான். சித்தப்பாவுக்கோ அப்படியில்லை; அது கிடைக்காவிட்டால் சின்னவன் படிப்பு அந்த வருஷத்தோடு நின்றுவிடும்.

"பெரியவனே, இப்ப மொதல்ல வந்துட்டான். வருஷக் கடைசியிலயும் இவன் மொதல்ல வரணுமே. நான் படிக்காதவன். எனக்கு ஒண்ணும் புரியல. ஒங்கப்பா வெவரம் தெரிஞ்சவரு. அவரு வீட்டுல எப்படிச் செய்றாரு? நான் ஏதும் தப்பாச் செய்றனா?"

நான் யோசித்துப் பதில் சொன்னதாக நினைவில்லை. அது ஏற்கெனவே வாயில் தயாராக இருந்தது.

"ஹெட்மாஸ்டரே சொன்னாரு சித்தப்பா. வீட்டுல பெரியவங்க பாடத்துல குறுக்கப் பேசக் கூடாதாம். புள்ளைங்க கேள்வி கேட்டே பழகிட்டா, பரீட்சையில பதில் எழுத வராதாம். எங்க வீட்டுல அப்பா பெரட்டுதான் எடுப்பாரு."

ஹெட்மாஸ்டர் வெள்ளைக்காரர். அவர் என்னிடம் அதுவரை பேசிய மொத்த வார்த்தை இரண்டு. இரண்டும் மழைநாளில் காலைத் துடைத்துவிட்டு உள்ளே வரச் சொன்னது.

சித்தப்பாவின் முகம் வாடிவிட்டது. "அலமாக்! நான் தெனமும் இல்ல கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார். கிளாஸில் மிச்சமிருந்த கோப்பியைக் குடிக்காமலே எழுந்தார். எனக்கு அந்த இலவசப் படிப்பு தேவையில்லை, பதினாலாவது ஆளுக்கு அது கிடைக்கப் போவதும் இல்லை. அவனுக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான் என் ஆசை.

மறுநாள் மூன்று மணி ரயிலை அனுப்பியதுமே அந்த வீட்டிலும் பெரட்டு தொடங்கிவிட்டது. வரிசையில் நிற்க ஒரே ஒரு பிள்ளை. சித்தப்பா ஸ்டேஷன் உடுப்போடு விறைப்பாக நின்று மகனின் முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட, சின்னவன் பேந்தப் பேந்த விழித்துவிட்டு, "என்னப்பா?" என்றான். "இருக்கேங்கன்னு சொல்லணும்டா" என்றார் சித்தப்பா. சின்னம்மா அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடுத்த நாளிலிருந்து சிரிக்கவில்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. பெரட்டில் கேட்பதற்குக் கேள்விகள் வேண்டுமே. சித்தப்பாவுக்குத் தெரிந்த கேள்விகள் எல்லாம் விடை தெரியாத கேள்விகள். அவர் என்னிடமே வந்தார். நான் வாரா வாரம் ஒரு தாளில் இருபது கேள்வியும் பதிலும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பாடப் புத்தகத்திலிருந்த இங்கிலீஷ் வாக்கியங்களை அப்படியே தமிழ் எழுத்தில். இருப்பதிலேயே நீளமான, உப்புச்சப்பில்லாத வரிகளாகப் பார்த்துப் பொறுக்கினேன். சித்தப்பா அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு எழுத்திலும் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்பார். சின்னவன் சரியான பதிலைத் தன் சொந்த வார்த்தையில் சொல்வான். தாளில் இருப்பது வேறாக இருக்கும். சித்தப்பாவின் விரல் நின்றுவிடும்.

"அப்படி இல்லியேடா."

"அதே அர்த்தம்தாம்பா."

"அர்த்தமெல்லாம் எனக்குத் தெரியாது. இதுல அப்படி இல்ல. அரைப்பேரு."

சொல்லும்போது அவர் மகன் முகத்தைப் பார்க்கமாட்டார். கோப்பி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னவன் மெதுவாகச் சொந்த வார்த்தைகளை விட்டுவிட்டான். தாளில் உள்ளதை உருப்போட்டு ஒப்பித்தான். வகுப்பிலும் எழுந்து எதையும் கேட்பதில்லை. வாத்தியார் இரண்டொரு முறை அவனைப் பார்த்து, "இன்றைக்குக் கேள்வி இல்லையா?" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ரயிலில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருவான். "எங்கப்பாவுக்கு என் மேல என்னா கோவம்னு தெரியல" என்று ஒரே ஒரு நாள் சொன்னான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

இதற்கு நடுவில் என்னால் பொறுக்க முடியாத ஒன்றை அம்மாவின் வாயிலிருந்து கேட்டேன். சின்னவனுக்கு அரைப்பேர் விழுகிற நாட்களில் சித்தப்பாவும் பாதிச் சோறுதான் சாப்பிடுகிறாராம். சின்னம்மா எவ்வளவு சொல்லியும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறாராம். அன்றிரவு அரைப்பேர் வாங்கியவனாக நான் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே அப்பா மீனின் முள்ளை நிதானமாக எடுத்துக்கொண்டிருந்தார். சின்னவனிடமிருந்து எதைப் பிடுங்கினாலும் அவனிடம் ஏதோ ஒன்று மிச்சம் இருந்துவிடுகிறதே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அந்த வாரம் தாளில் இருபதுக்குப் பதிலாக முப்பது கேள்வி எழுதினேன்.

வருஷக் கடைசிப் பரீட்சையில் சின்னவன் ஆறாவதாக வந்தான். ரெங்கம் ஊரிலிருந்து வந்த ஒரு சீனப் பையன் முதலாவது. நான் பன்னிரண்டு. பொய் சொல்லக் கூடாது, முதல் அரைமணி நேரம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரயிலில் வரும்போது சின்னவன் அழவில்லை. ரிப்போர்ட் புத்தகத்தைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். ரயில் நின்றதும் சித்தப்பா கொடியோடு எங்கள் பெட்டியைத் தேடி ஓடி வந்தார். எண்ணைப் பார்த்தார். அவன் தோளில் கையைப் போட்டு அழைத்துக்கொண்டு போனார். அப்போதுதான் அவன் அழுதான். கூடவே நானும் நடந்தேன். என் தோளில் யார் கையும் இல்லை.

இரண்டு நாள் கழித்துச் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா நாற்காலியைக் காட்டியும் படியிலேயே உட்கார்ந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஹெட்மாஸ்டர் சொன்னதாக நான் சொன்னதை இப்போது சொல்லப் போகிறார் என்று கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, ஒங்க மாதிரி ஆரம்பத்துலருந்தே கண்டிச்சு வளத்திருக்கணும்ணே. நான் வெளையாட்டா பேசிப் பேசியே புள்ள படிப்பக் கெடுத்துட்டேன். பெரியவன்தான் பாவம், எடுத்துச் சொன்னான். அதுக்குள்ள காலம் போயிருச்சு."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "போனது போவட்டும். உலு திராம் தோட்டத்துல எனக்குத் தெரிஞ்ச பெரிய கிராணி இருக்காரு. ஒரு கடுதாசி தரேன். சின்னக் கிராணியாச் சேத்துக்குவாரு" என்றார். பெருமையை மறைத்துக்கொண்டு பேசத் தெரியாத மனிதர் அவர். சித்தப்பா இரண்டு கையாலும் அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டார். போகும்போது கதவருகில் என்னைப் பார்த்து, தலையைத் தடவி, "நீயாச்சும் நல்லாப் படி" என்றார்.

சின்னவன் உலு திராமுக்குப் போன பிறகு மூன்று மணி ரயிலில் நான் தனியாக வந்து இறங்கினேன். சித்தப்பா ரயிலை அனுப்பிவிட்டு, கோப்பி கொடுக்கச் சொல்லிவிட்டு, படியில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு வாரம் அப்படியே போயிற்று. அடுத்த வாரம் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பெரியவனே, ஒங்கப்பாகிட்ட சொல்லிராத. எனக்கு மனசு கேக்கல. இன்னிக்கு என்னா சொல்லிக் குடுத்தாங்க? கொஞ்சமாச் சொல்லு, போதும்."

நான் சொன்னேன். என்ன பாடம் என்பது இப்போது மறந்துவிட்டது. நான் சொல்லச் சொல்ல ஒரு பெரிய மனிதர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் மறக்கவில்லை. நடுவில் அவர் ஒரு கேள்வி கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "தெரியல சித்தப்பா" என்றேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். அன்று இரண்டு மைலும் எப்படி நடந்தேன் என்று தெரியாமல் வீடு போய்ச் சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு ரயிலில் வரும்போதே, இன்றைக்கு அவருக்கு எதைச் சொல்லலாம், அவர் எங்கே மடக்குவார் என்று யோசிக்கத் தொடங்கினேன். வகுப்பில் எழுந்து கேள்வி கேட்டேன். அடுத்த அரையாண்டில் நான் நான்காவது. வருஷக் கடைசியில் இரண்டாவது. அப்பா என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. "எல்லாம் பெரட்டு! முறையா எடுத்தா மரமும் படிக்கும்" என்று பக்கத்துத் தோட்டத்துக் கிராணிகளிடமெல்லாம் சொன்னார். அதில் இரண்டு பேர் தங்கள் வீட்டிலும் மாலை ஆறு மணிக்குப் பெரட்டு எடுக்கத் தொடங்கினார்கள் என்று கேள்வி. அந்தப் பிள்ளைகளை நான் பார்த்ததில்லை.

அந்த வருஷக் கடைசிப் பரீட்சைக்கு முந்திய தீபாவளிக்குச் சின்னவன் விடுப்பில் வந்தான். உலு திராமிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போய், அங்கே காலை ரயில் பிடித்து வந்துவிட்டு, மூன்று மணிக்கு என் ரயிலைப் பார்க்க ஸ்டேஷனில் நின்றிருந்தான். வெள்ளைக் கால்சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, லேசாக அரும்பு மீசை. "அண்ணே" என்று சிரித்தான். நாற்பது நாளுக்காக அவன் என்னை அண்ணன் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நானும் சிரித்தேன். அதற்குள் ரயிலை அனுப்பிவிட்டுச் சித்தப்பா வந்தார். கொடிகளைச் சின்னவன் கையில் கொடுத்துவிட்டு, பழக்கம் காரணமாக என் பக்கம் திரும்பி, "இன்னிக்கு என்னா?" என்றார்.

அன்று வெளிச்சமும் சத்தமும் பாடம். வெளிச்சம் முந்தி வரும், சத்தம் பிந்தி வரும் என்றேன்.

"அட, அதான் சங்கதியா! தூரத்துல வண்டி ஊதறப்ப ஆவி மொதல்ல தெரியுது, சத்தம் அப்புறந்தான் கேக்குது. நான் என் காதுதான் மந்தமோன்னு இருந்தேன். எவ்வளவு அப்புறம் கேக்கும்?"

"அது தூரத்தப் பொறுத்துப்பா" என்று சின்னவன் தொடங்கினான். "இப்ப ஒரு மைல் தூரத்துல..."

"இரு, இரு. பெரியவன் சொல்லட்டும்" என்றார் சித்தப்பா, என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் சொன்னேன். மைலையும் விநாடியையும் பிளாட்பாரத்து மண்ணில் எழுதிக்கூடக் காட்டினேன். சித்தப்பா என்னோடு குனிந்து உட்கார்ந்துகொண்டார். நிமிர்ந்தபோது, சின்னவன் இரண்டு கொடிகளையும் மார்போடு பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வகுப்பில் முதலாவதாக இருந்த நாட்களில்கூட அவன் யாரையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. அப்பா என் காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்திருந்தார். அதைத்தான் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். இவனுக்குத்தான் இப்போது சம்பளம் வருகிறதே, வேண்டுமென்றால் இவனும் ஒன்று வாங்கிக்கொள்ளட்டுமே என்றும் நினைத்தேன்.